நுரையீரலும் சிறுநீரில் நுரையும்



கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீண்டு செல்லும் ஊர்களில், காலை வேளையில் வைத்தியசாலை வாசலிற் காத்திருப்போரைச் சற்றுக் கவனித்தால், இருவகையான நோயாளரை எளிதில் இனங்காணலாம். ஒரு சாரார், பத்தடி நடந்ததும் நின்று மூச்சு வாங்குவோர். அவர்களது நோயை நம்மவர் முட்டு என்றும் தொய்வு என்றும் சொல்வர். மற்றொரு சாரார், கால் வீங்கி, முகம் அதைத்து, சிறுநீர் சோதித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போர். அத்துண்டிலே 'அல்புமின்' என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றோ இரண்டோ கூட்டற்குறிகள் இடப்பட்டிருக்கும். முதற் சாராருக்கு ஒரு கதவு, இரண்டாஞ் சாராருக்கு வேறொரு கதவு. நெஞ்சிலுள்ள சுவாசப்பைக்கும் முதுகுப்புறத்தே கிடக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பு ஏது என்றுதான் யாரும் கேட்பர். அத்தொடர்பை மருத்துவ உலகம் எவ்வாறு சிறிது சிறிதாகக் கண்டறிந்தது என்ற வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

சுவாசப்பைக்குத் தமிழில் நுரையீரல் என்றும் பெயருண்டு. அறுத்துப் பார்த்தால் நுரைபோலத் தோன்றும் ஈரல் ஆதலின் அப்பெயர் பெற்றது. சிறுநீரைச் சோதித்த பழைய வைத்தியர்களும் நுரையையே ஓர் அடையாளமாகக் கொண்டிருந்தனர் என்பது இனிய தற்செயலாகும். சித்த வைத்தியத்திலே நீர்க்குறி என்றொரு பகுதியுண்டு. தேரையர் பெயரால் வழங்கும் அம்முறைப்படி நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்தையும் நோக்கவேண்டும். பின்னர் நல்லெண்ணெய்த் துளியொன்றை இட்டு, அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. யூனானி வைத்தியர்கள் சிறுநீர் ஏந்திய கண்ணாடிக் குடுவையைக் காறூறா என்பர். காலப்போக்கில் அப்பரிசோதனைக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. அவர்களுக்கெல்லாம் ஆசானாகிய இப்னு சீனா (980–1037) தமது கானூன் என்னும் பெருநூலில், சிறுநீரில் நோக்கத்தக்கவை ஏழென வகுத்தார்; அவற்றுள்ளும் நுரை ஒன்று. இவர்கள் எல்லாருக்கும் முற்பட்ட கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டிசின் பெயரால் வழங்கும் மணிமொழிகளிலும், சிறுநீரின் மேல் நிற்கும் குமிழிகள் சிறுநீரகத்து நோயையும் அந்நோய் நெடுநாள் நீடிக்கும் என்பதையும் காட்டும் என்ற கருத்து உண்டு.

கிரேக்கரும் அரபியரும் தமிழரும் ஒன்றையே கண்டனர். ஆனால் நுரை எதனால் உண்டாகிறது என்ற கேள்விக்கு விடை காண நெடுங்காலம் சென்றது. முட்டை வெண்கருவை அடித்தால் நுரைக்கிறதன்றோ? அதே காரணந்தான். வெண்கருவிலுள்ள புரதமும் நம் குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதமும் ஓரினத்தன. அது சிறுநீரிற் கலந்தால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து, நுரை எளிதில் உடையாது நிற்கும். இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நுரை கண்ட மாத்திரத்தில் அஞ்சவேண்டியதில்லை. வேகமாகப் பாயும் நீரும் நுரைக்கும். கழிவறை கழுவும் திரவமும் நுரைக்கும். நம்மூர்களில் 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு அத்தோடு விட்டுவிடும் வழக்கமும் உண்டு. அச்சமும் அலட்சியமும் இரண்டும் வேண்டாதவை. சோதித்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அச்சோதனை பிறந்த கதை சுவையானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், ஒல்லாந்தின் லைடன் நகரத்து வைத்தியர் பிரெடெரிக் டெக்கர்ஸ், சில நோயாளரின் சிறுநீரைச் சூடாக்கிப் புளிக்காடித் துளி விட்டபோது அது பால்போல வெண்மையாகத் திரிவதைக் கண்டார். அடுத்த நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கொட்டுனோ என்பவர், உடலெங்கும் நீர்கோத்து வீங்கிய ஒரு படைவீரனின் சிறுநீரை அடுப்பிலேற்றினார்; அது வெந்த முட்டை வெண்கருபோலத் திரண்டது. எனினும் இவற்றையெல்லாம் ஓர் ஒழுங்கிற் சேர்த்து, சிறுநீரகத்தின்மேற் பழியைச் சுமத்தியவர் இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் றிச்சட் பிறைட் ஆவார். உடல் வீக்கம், சூடாக்கினால் உறையும் சிறுநீர், இறந்தபின் அறுத்துப் பார்த்தாற் சுருங்கிக் கரடுமுரடான சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடர்வன என்று 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவருக்கு வேண்டியிருந்த கருவிகள் ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியுமே. நோயாளியின் கட்டிலருகே கரண்டியிற் சிறுநீரை எடுத்துச் சுடரிற் காட்டுவார். வெண்மை படர்ந்தால் நோய் உண்டு.

அதே காலத்தில் பிரான்சு தேசத்தில் லேயனெக் என்பார், 1816இல் தாம் கண்டுபிடித்த மார்பொலிக் குழாயைக் கொண்டு சுவாசப்பையின் ஓசைகளை வகுத்துக்கொண்டிருந்தார். காற்றறைகள் சிதைந்து பருத்துப்போகும் நிலையை 1819இல் வெளிவந்த தமது நூலிலே தெளிவாக விவரித்தார். ஆக, இரு நோய்களும் ஏறக்குறைய ஒரே தலைமுறையிற் பெயர் பெற்றன. ஆனால் ஒன்று பாரிசிலும் மற்றொன்று இலண்டனிலுமாக வெவ்வேறு வழியே நடந்தன.

இவ்விரு வழிகளும் முதலில் எதிர்ப்பட்ட இடம் துயரமானது. நெஞ்சிலே நெடுநாட் சீழ்பிடித்தோரும், கசரோகத்தால் ஆண்டுக்கணக்காக வாடியோரும், ஈற்றில் உடல் வீங்கி, சிறுநீரிற் புரதம் பெருகி இறப்பதை வைத்தியர்கள் கண்டனர். அவர்களது சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்தால் மெழுகு வார்த்தாற்போல மினுமினுத்தது. பிறைட் பணிபுரிந்த அதே கைஸ் வைத்தியசாலையில், சாமுவேல் வில்க்ஸ் என்பவர் 1856இல் இத்தகைய நோயாளரைத் தொகுத்து எழுதினார். ஜெர்மனியின் விர்ஷோ அதற்கு இரண்டாண்டு முன்னரே, அயடீன் பட்டதும் அது நிறம் மாறக்கண்டு, மாப்பொருளை ஒத்ததெனக் கருதி 'அமிலோயிட்டு' எனப் பெயரிட்டிருந்தார். 1859இல் அது மாப்பொருளன்று, புரதமே என்று நிரூபிக்கப்பட்டது. பிழையான பெயரோ இன்றளவும் மாறவில்லை. அதன் கருத்து இதுதான்: சுவாசப்பையில் அழற்சி ஓயாது எரியும்போது ஈரல் ஒருவகைப் புரதத்தை அளவிறந்து ஆக்குகிறது, அது குருதிவழியே சென்று சிறுநீரகத்தின் நுண்வடிகளிற் படிந்து அவற்றைப் பழுதாக்குகிறது. 1944இல் ஸ்திரெப்டோமைசின் மருந்து வெளியானபின் மேனாடுகளில் இக்காட்சி அருகிற்று. நமது புறத்தே அவ்வாறன்று. இந்தியாவிலே சண்டிகர் நகரத்துச் சிறுநீரக வல்லுநர் கே. எஸ். சுக் அவர்களும் அவரது குழுவினரும் 1981இல் வெளியிட்ட கட்டுரையில், அமிலோயிட்டுப் படிந்த சிறுநீரகங்களுக்கு முதன்மைக் காரணமாக நின்றது காசநோயே.

இனி, நம் தாய்மாருக்கு மிக நெருங்கிய ஓர் அத்தியாயத்துக்கு வருவோம். இதன் தலைவி பத்மாவதி என்னும் தமிழ்ப் பெண்மணி. 1917இல் பர்மாவிற் பிறந்து, இரங்கூனில் மருத்துவங் கற்று, 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பிக் கோயமுத்தூர் வந்து சேர்ந்தவர். பின்னர் இலண்டனிலும் அமெரிக்காவிலும் இதய மருத்துவம் பயின்று, 1953இல் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியிற் பணியேற்றார். அங்கே அவருக்கு ஒரு புதிர் எதிர்ப்பட்டது. நெடுநாட் சுவாசப்பை நோயால் இதயத்தின் வலப்பாகம் தளர்ந்து, கால்வீங்கி வருவோரில், ஆண்களுக்கு நிகராகப் பெண்களும் இருந்தனர். மேனாட்டு நூல்களின்படி இது புகைபிடிக்கும் ஆண்களுக்கு உரிய நோய். தில்லியின் பெண்களோ புகைபிடிப்பதில்லை. பிடிப்போர் மிகச் சிலர். அன்றியும் ஆண்களைவிட இளவயதிலேயே அவர்கள் நோய்வாய்ப்பட்டனர். பத்மாவதியும் பாதக் என்பவரும் 127 நோயாளரை ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட கட்டுரையில், சந்தேகத்தின் விரல் அடுப்பைச் சுட்டிற்று. விறகும் வறட்டியும் எரியும் புகை, சாளரமில்லாத சமையலறை, சிறுவயது முதலே அதன்முன் குந்தியிருக்கும் வாழ்க்கை! உலக மருத்துவம் இதனை முழுமையாக ஏற்க மேலும் இருபது, முப்பது ஆண்டுகள் பிடித்தன. பத்மாவதி அம்மையார் 103 வயது வரை வாழ்ந்து, 2020இல் கொரோனா நோயால் மறைந்தார். தமிழ் மக்கள் அவரை இன்னும் நன்கு அறிந்திருக்க வேண்டுமென்பது என் எண்ணம்.

இதயத்தின் வலப்பாகம் எவ்வாறு சிறுநீரகத்தோடு தொடர்புறுகின்றது? காற்று நன்கு புகாத சுவாசப்பைப் பகுதிகளில் குருதிக்குழாய்கள் தாமே சுருங்கிக்கொள்கின்றன. சுவீடன் நாட்டு ஒயிலரும் லில்யஸ்திராண்டும் 1946இல் பூனைகளில் இதனைக் காட்டினர். ஒரு பகுதி மட்டும் பழுதானால் இது நன்மையே. குருதி நல்ல பகுதிக்குத் திரும்பும். சுவாசப்பை முழுவதும் பழுதானாலோ எல்லாக் குழாய்களும் சுருங்க, வலப்பக்க இதயம் இறுகிய கதவைத் தள்ளுவதுபோல் உழைத்து ஓய்ந்துபோகிறது. வாய்க்காலின் கடைமடை அடைபட்டால் மேல்வயலில் நீர் தேங்குவதை வட்டைகளில் விவசாயஞ் செய்யும் நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. அவ்வாறே நாளங்களிற் குருதி தேங்கி, சிறுநீரகமும் பொருமுகிறது. வடியிலே அழுத்தம் மாறிப் புரதம் கசிகிறது.

இதயம் தளராத நிலையிலும் புரதம் கசியுமா? இக்கேள்விக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1970இல் றென்னியும் ஜோசெப்பும், உயர்ந்த மலைகளில் ஏறிய ஆரோக்கியமான வீரர்களின் சிறுநீரை அளந்து, உயரம் மிக மிகப் புரதமும் மிகுவதை வெளியிட்டனர். அவர்கள் நோயாளரல்லர், மெலிந்த காற்றிலே ஒட்சிசன் குறைந்ததே வேறுபாடு. (நம் பாவா ஆதம் மலை 2,243 மீற்றரே, அந்த உயரத்திற் காற்று அவ்வளவு மெலிவதில்லை. ஆயினும் கடினமான ஏற்றமே ஓரிரு நாளைக்குச் சிறிது புரதத்தைக் கசியச் செய்யக்கூடும் என்பதால், மலையேறி வந்த மறுநாட் சிறுநீர் சோதிக்காதிருப்பது நலம்.) சுவாசப்பை பழுதானவரோ, கடற்கரையில் வாழ்ந்தாலும் மலையுச்சியில் நிற்பவரைப் போன்றவரே. அவர் குருதியிலும் ஒட்சிசன் குறைவு.

ஆனால் இச்சிறு கசிவைப் பிறைட்டின் கரண்டி காட்டாது. 1957இல் விற்பனைக்கு வந்த, நிறம் மாறும் காகிதத் துண்டும் காட்டாது. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. ஒவ்வொரு லீற்றர்க் குருதித் தெளிவிலும் நாற்பது கிராம் அளவில் அல்புமின் உண்டு. இவ்வளவையும் வடித்தும் சுகதேகியின் சிறுநீரில் நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கும் குறைவான அல்புமினே வெளியேறுகிறது. எவ்வளவு நுட்பமான வடி! 30க்கும் 300க்கும் இடைப்பட்ட கசிவை அளக்கப் புதிய முறை வேண்டியிருந்தது. அதனை 1963இல் வெளியிட்டவர்கள் ஹரி கீனும் குளோவெராக்கிசும். பணிபுரிந்த இடம் மறுபடியும் கைஸ் வைத்தியசாலையே. அவர்கள் கருதியது நீரிழிவை, நம்மவர் சீனி வருத்தம் என்பதை. சுவாசப்பையை அப்போது யாரும் நினைக்கவில்லை.

நினைத்தது ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. ஸ்பானியருக்குரிய கனாரித் தீவுகளில் தெனெரிப் என்னும் தீவின் வைத்தியர் கசனோவாவும் குழுவினரும், சுவாசக்குழாய் நிரந்தரமாக ஒடுங்கிய நோயாளர் 129 பேரையும், நோயில்லாத புகைபிடிப்போர் 51 பேரையும் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டனர். இச்சிறு புரதக் கசிவு நோயாளரில் நூற்றுக்கு 24 பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கும் காணப்பட்டது. குருதியில் ஒட்சிசன் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்குக் கசிவு மிகுந்தது. புகைதான் சிறுநீரகத்தையும் நேரே கெடுத்ததோ என்று கேட்போருக்கு இவ்வொப்பீடே ஓரளவு விடை; இரு சாராரும் புகைபிடித்தோரே. நோர்வே நாட்டிற் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2014இல் வெளிவந்த ஆராய்ச்சி, சுவாசப்பை நோயோடு இக்கசிவும் உள்ளோர் அதிகமாக இறந்தமையைக் காட்டிற்று.

இதற்கு இக்காலத்தார் கூறும் விளக்கம் குருதிக்குழாய்களின் உட்பூச்சைப் பற்றியது. நம் மருதமுனைத் தறியிலே ஒரே பாவில் நெய்த துணியை இரண்டாக வெட்டினால், ஒரு துண்டின் இழை இற்றுப்போவது மற்றத் துண்டின் நிலையையும் சொல்லுமன்றோ? சுவாசப்பையின் காற்றறைகளைச் சூழ்ந்த மெல்லிய குழாய்களும் சிறுநீரகத்து வடிகளின் குழாய்களும் அத்தகையன. 1919இல் அமெரிக்க வைத்தியர் குட்பாஸ்சர், பதினெட்டு வயது இளைஞனொருவனுக்குச் சுவாசப்பையிற் குருதி கசிந்ததோடு சிறுநீரகமும் அழற்சியுற்றதைப் பதிவுசெய்தார். அவர் பெயரால் வழங்கும் அந்நோயில், ஈருறுப்புகளின் அடிச்சவ்விலும் உள்ள ஒரே வகைக் கொலாஜனை உடலே பகையென்று தாக்குகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. அது அரிய நோய்தான். ஆயினும் இழை ஒன்றென்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வியப்பு இத்தோடு முடியவில்லை. 2019இல் அமெரிக்காவிற் பல ஆராய்ச்சிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, சுவாசப்பை நன்றாயிருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, தொடக்கத்திலேயே சிறுநீரில் அல்புமின் கூடியிருந்தோருக்குப் பிற்காலத்திற் சுவாசத்திறன் விரைந்து குறைந்தது தெரியவந்தது. அதாவது சுவாசப்பை நோயின் பின்விளைவென்று நாம் எண்ணியது சிலரிடத்து முன்னறிவிப்பாகவும் இருக்கிறது. எது காரணம், எது காரியம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இலங்கையிலே சிறுநீரிற் புரதம் என்றதும் பலருக்கு வடமத்திய மாகாணத்து விவசாயிகளை 1990களிலிருந்து வாட்டிவரும் சிறுநீரக நோயே நினைவுக்கு வருகிறது. அந்நோயின் தொடக்கத்திற் புரதம் மிகக் குறைவாகவே கசியும். ஆகவே நுரையைக் கொண்டு அதனைக் கணிக்க முடியாது. சீனி வருத்தமும் உயர் குருதியழுத்தமும்தான் புரதக் கசிவுக்கு மிகப் பொதுவான காரணங்கள். சுவாசப்பை நோயாளியிடம் புரதம் கண்டால் முதலில் அவற்றைத் தேடிப் பார்த்த பின்னரே மூச்சைக் குறைகூறவேண்டும். காய்ச்சலும் சில நாட்களுக்குப் புரதத்தைக் காட்டும். ஒருமுறை கண்டதை உறுதிப்படுத்த, சில வாரம் விட்டு, காலையிற் கழியும் முதற் சிறுநீரில் அல்புமினையும் கிரியற்றினினையும் ஒப்பிட்டு அளப்பர்.

சிகிச்சையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. குருதியில் ஒட்சிசன் மிகக் குறைந்தோருக்கு நாள்தோறும் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்சிசன் கொடுத்தால் ஆயுள் நீளும் என்பதை 1980இலும் 1981இலும் முறையே அமெரிக்க, பிரித்தானிய ஆராய்ச்சிகள் நிலைநாட்டின. புகைபிடிப்பதை விடுவதற்கு நிகரான மருந்து இன்னும் தோன்றவில்லை.

ஆனால் சுருட்டோ சிகரெட்டோ தொட்டறியாத நம் உம்மாமாரும் மூத்தம்மாமாரும் எதை விடுவது? எரிவாயு அடுப்பு வந்து குசினியிற் புகை குறைந்த வீடுகள் பலவற்றில், 2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டிலே மறுபடியும் கொள்ளிக்கட்டையும் தென்னம்மட்டையும் எரிந்தன. தறிக்கொட்டிலின் பஞ்சுத்தூசும், நெல் ஆலைகளின் உமித்தூசும், சூடடிக்குங் காலத்து வைக்கோற்றூசும் இக்கரையோரத்தார் பலரின் மூச்சோடு கலந்தவை. கனாரித் தீவின் ஆராய்ச்சி புகைபிடித்தோரைப் பற்றியது. பத்மாவதி அம்மையாரின் ஆராய்ச்சியோ நுண்ணளவிற் புரதத்தை அளக்கும் முறை தோன்றுமுன் நடந்தது. இரண்டையும் ஒருங்கே வைத்து, அடுப்புப் புகையால் மூச்சிழந்த பெண்களின் சிறுநீரை நம் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே அளந்து பார்ப்பது கடினமான காரியமன்று. சிறு போத்தலும் ஓர் இரசாயனக்கூடமும் போதும். அதுவரை, மூச்சு வாங்குகிறதென்று வைத்தியரிடம் செல்லும் தாய்மார், "புகைப்பதுண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எத்தனை ஆண்டு எந்த அடுப்பின்முன் இருந்தார்கள் என்பதையும், சிறுநீரில் நுரை நிற்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்வார்களாக.